செத்தல் காய்ந்த முற்றங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் ஊர்களில் பங்குனி பிறந்ததும் முற்றங்கள் சிவந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் சைக்கிளில் போனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. எந்த வளவில் மிளகாய்ப் பழம் காயப் போட்டிருக்கிறார்கள், எந்தக் குசினியில் தூளுக்கு வறுக்கிறார்கள் என்பதைக் காற்றே சொல்லிவிடும். இன்றைக்கும் அந்த ஊர்களில் மிளகாய் இருக்கிறது. தோட்டத்தில் பச்சையாக இருக்கிறது, கடையில் பொலித்தீன் பையில் தூளாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த செத்தல் மட்டும் முற்றத்தை விட்டுப் போய்விட்டது.

தமிழ்நாட்டார் வற்றல் மிளகாய் என்பதைத்தான் நாங்கள் செத்தல் என்கிறோம். அதைக் காய வைப்பதும், வறுத்துத் தூளாக்குவதும் எங்கள் வீடுகளில் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாக இருந்தன. அந்த இரண்டு பாதிகளுக்கும் கடந்த அரை நூற்றாண்டில் நடந்தவை வேறு வேறு. காய வைப்பதில் வந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். வறுப்பதில் வந்த மாற்றம் எனக்குப் பெரிய கவலை.

செத்தல் போடுவது பார்வைக்கு இலேசான வேலை. வெயில் இருக்கிறது, பழம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். செய்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். செடியில் முழுதாகச் சிவந்த பழத்தை மட்டும் காம்போடு ஆய வேண்டும். அரைச் சிவப்பில் ஆய்ந்தால் காய்ந்த பிறகு அந்த இடம் வெளிறி நிற்கும். ஆய்ந்து வந்ததை உடனே வெயிலில் பரப்புவதும் இல்லை. ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால்தான் எல்லாப் பழமும் ஒரே சீராக நிறம் பிடிக்கும். பிறகு ஓலைப்பாயிலோ, சாணி மெழுகிய முற்றத்திலோ, வசதியான வீடென்றால் சீமெந்துத் தளத்திலோ பரப்புவார்கள். காலையில் பனி உலர்ந்த பின் விரித்து, பொழுதுபட முன் கூட்டி அள்ளிப் படங்கால் மூட வேண்டும். ஓர் இரவு மறந்து விட்டாலும் ஈரம் இறங்கும், ஈரம் இறங்கினால் தோலுக்குள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வெளியே சிவப்பாகவும் உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமாகவும் இருக்கும் செத்தல் இப்படி வருவதுதான். பகலில் நாலு தரமாவது துழாவிப் புரட்ட வேண்டும். கோழியைக் கலைக்க வேண்டும், ஆட்டை விரட்ட வேண்டும், திடீர் மழை வந்தால் வீட்டிலுள்ள எல்லாரும் முற்றத்துக்கு ஓட வேண்டும்.

வெயிலைப் பொறுத்து இது 8 நாளில் முடியும், 15 நாளும் ஆகும். பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர். அது நூற்றுக்குப் பத்துப் பதினொன்று என்ற அளவுக்கு இறங்கினால்தான் செத்தல் மாதக்கணக்கில் கிடக்கும். 3 அல்லது 4 கிலோ பழம் போட்டால் 1 கிலோ செத்தல் கிடைக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். அளவுமானி இல்லாத காலத்தில் காய்ந்த பதத்தைக் காது சொன்னது. ஒரு கையளவு எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். விரலுக்குள் வைத்து அமர்த்தினால் வளையாமல் முறிய வேண்டும். அதற்காக அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தாலும் நட்டம்தான், சாக்கில் அடைக்கும்போது நொறுங்கித் தூளாகி எடை போய்விடும். வியாபாரி அந்தர்க் கணக்கில் எடுப்பார். ஒரு அந்தர் 112 இறாத்தல், ஏறத்தாழ 51 கிலோ. அவர் வரமுன் பெண்கள் குந்தியிருந்து சுளகில் போட்டுத் தெரிவார்கள். நோயால் வெளிறிப்போன வெள்ளைச் செத்தல் ஒரு பக்கம், நிறம் நின்ற செத்தல் ஒரு பக்கம். அந்தக் கைகள் இரவெல்லாம் எரியும். தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் எரிவு போகாது, ஏனென்றால் மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்த பிறகே தூக்கம் வரும் என்பதை எந்த விஞ்ஞானமும் சொல்லாமலே ஆச்சிமார் அறிந்திருந்தார்கள்.

விற்கிற செத்தல் போக, வீட்டுக்கென்று எடுக்கிற மிளகாய்க்கு வேறு கதிகளும் உண்டு. பச்சையிலேயே கீறி, உப்புக் கரைத்த தயிரில் ஊறப் போட்டு, பகலில் வெயிலிலும் இரவில் மறுபடி தயிரிலுமாக அது வற்றும்வரை காய வைத்தால் மோர் மிளகாய். நல்ல செத்தலைத் தணலில் சுட்டு, உப்போடும் சின்ன வெங்காயத்தோடும் அம்மியில் வைத்து இழுத்தால் சம்பல். விதைக்கென்று ஒதுக்கிய பழத்தை அடுப்படியில் புகை படும் இடத்தில் தொங்க விடுவார்கள், பூச்சி அண்டாது. எங்கள் மிளகாய்க்குப் புகை கிடைத்தது பெரும்பாலும் இந்த அளவோடுதான்.

புகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயினின் லா வேரா பள்ளத்தாக்கில் மிளகாய்ப் பழத்தை ஓக் மர விறகின் மேல் இரண்டு கிழமையளவு புகையில் வாட்டி எடுக்கிறார்கள். மெக்சிகோவில் செடியில் பழுத்த ஹலபேன்யோவைப் புகையூட்டிச் சிபோட்லே ஆக்குகிறார்கள். இரண்டுக்கும் காரணம் தெளிவானது. லா வேராவில் அறுவடை விழுவது மழை பெய்யும் இலையுதிர் காலத்தில். ஹலபேன்யோ சதை தடித்த மிளகாய், வெயிலில் போட்டால் காயமுன் அழுகிவிடும். நாகாலாந்தின் ஈரமான மலைகளிலும் அடுப்புக்கு மேல் மிளகாய் தொங்குவது இதனால்தான். எங்கள் மிளகாய் மெல்லிய தோல் கொண்டது, எங்கள் வெயிலோ பங்குனி முதல் ஆவணிவரை ஓயாதது. வெயில் இருந்த இடத்தில் புகைக்கு வேலை இருக்கவில்லை. அதனால் நெருப்பின் மணம் எங்கள் மிளகாய்க்கு வேறொரு வழியால் வந்தது. காய்ந்த பிறகு, வறுவலில்.

முற்றம் சிவந்ததற்குப் பின்னால் அரசியலும் இருந்தது. இலங்கை நெடுங்காலமாகத் தன் செத்தலை இந்தியாவிலிருந்து வாங்கியது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் வடக்கின் தோட்டக்காரர். துலா மிதித்து இறைத்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வாங்கினார்கள். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. இன மிளகாய்கள் பரவின. வன்னியில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள், உத்தியோகம் தேடித் திரிந்த காலத்தை மறந்து மிளகாய்ச் செய்கையில் காசு கண்டார்கள். பல வீடுகளுக்குக் கல்லும் சீமெந்தும் அந்தச் சில வருடங்களில்தான் வந்தன. பிள்ளைகளின் படிப்பும் கலியாணங்களும் செத்தல் மூட்டையிலிருந்து நடந்தன. சுன்னாகம் சந்தையில் அன்று நின்றவர்கள் இன்றைக்கும் அதைப் பொற்காலம் என்றே சொல்வார்கள். தெற்கில் அதே காலம் பாண் வரிசையாலும் தட்டுப்பாட்டாலும் நினைக்கப்படுகிறது. ஒரே கொள்கை நாட்டின் இரு பக்கங்களுக்கு இரண்டு வரலாறுகளைக் கொடுத்தது.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இந்தியச் செத்தல் மலிவாக வந்து இறங்கியது. விலை விழுந்தது, முற்றங்கள் வெளிறத் தொடங்கின. பிறகு போர். 1990களில் வடக்கின் மீதான பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் தட்டுப்பாடு, இறைப்பு இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. வலிகாமம் வடக்கின் நல்ல செம்மண் காணிகளில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, சாக்கில் கிடந்த செத்தலையும் உரலையும் வீட்டில் விட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீடு இருந்தாலும் உரல் இருக்கவில்லை.

இன்று குடாநாட்டில் மிளகாய் செய்பவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் பச்சையாகவே விற்கிறோம் என்பார்கள். இங்கேதான் அந்த மூன்று நாலு கிலோக் கணக்கு வருகிறது. ஒரு கிலோ செத்தலின் விலை, ஒரு கிலோ பச்சை மிளகாயின் விலையைப் போல நாலு மடங்குக்கும் மேலே இருந்தால்தான் காய வைப்பது கட்டும். இரண்டு கிழமை முற்றமும், ஆள் கூலியும், மழைப் பயமும் அதற்கு மேலே. ஆந்திராவின் குண்டூரிலிருந்து குளிர்ச் சேமிப்புக் கிடங்குகளின் பலத்தோடு வரும் செத்தலோடு ஒரு வளவு போட்டி போட முடியாது. நாட்டின் செத்தல் தேவையில் பெரும்பகுதி இன்று இந்தியாவிலிருந்தே வருகிறது. யாழ்ப்பாணத் தூள் என்று பெயர் எழுதிய பைக்குள் இருக்கிற மிளகாயும் பெரும்பாலும் அங்கே விளைந்ததுதான்.

செத்தல் இன்னும் போடுகிற இடங்களிலோ முறை மாறிவிட்டது. ஒளிபுகும் பொலித்தீன் கூரை போட்ட சூரிய உலர்த்திகள், தட்டுத் தட்டாக அடுக்கிய மின் உலர்த்திகள். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் தூளும் மோர் மிளகாயும் செய்து பிழைக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பெட்டிகள் பெரிய உதவி. 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் காற்று ஓட வைத்தால் முற்றத்தில் கிழமைக்கணக்கில் நடப்பது சில நாளில் முடிகிறது. பழத்தைக் கீறிப் போட்டால் இன்னும் விரைவு. நேர் வெயில் மிளகாயின் சிவப்பு நிறமிகளைச் சிதைக்கும், உலர்த்திக்குள் அந்தச் சேதம் குறைவு. கோழி இல்லை, புழுதி இல்லை, வைகாசிக்குப் பிறகு வீசும் சோளகம் அள்ளிக்கொண்டு வரும் மணலும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மண்ணில் கிடந்து மெல்லக் காயும் மிளகாயில் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் வளரும். அது சுரக்கும் அஃப்ளாடொக்சின் ஈரலைத் தாக்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. வறுத்தாலும் முழுதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் காய்ந்த மிளகாயில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. அந்த அளவைத் தாண்டினால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். பழைய முற்றத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். உள்ளே சாம்பல் பூத்த செத்தலை எறிய மனமில்லாமல், வீட்டுப் பாவிப்புக்கென்று ஒதுக்கிய கை நாங்கள் எல்லாரும் அறிந்த கைதான். முற்றத்து வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதுகு வளைத்த பெண்களும், எரிந்த கைகளும், பூஞ்சணமும் போனதில் என்ன வருத்தம்?

கனடாவில் அந்த இயந்திரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் வாழும் தெருக்களில் கோடை காலத்தில் நடந்து பாருங்கள். வீட்டின் பின்புறத்திலும் பல்கனியிலும் சாடிகளில் மிளகாய்க் கன்று நிற்கும். பங்குனியில் ஜன்னலோரம் விதை போட்டு, வைகாசியில் விக்டோரியா தின விடுமுறை கழிந்து உறைபனிப் பயம் தீர்ந்த பிறகு வெளியே வைப்பது அந்த ஊர்ச் சாத்திரம். புரட்டாதி முடியுமுன் காய்த்துக் குலுங்கும். ஆனால் அது சிவக்கத் தொடங்கும்போது வெயில் வலுவிழந்துவிடும். செத்தல் போட வெயில் இல்லாத நாட்டில் செத்தலுக்கு ஆசைப்பட்டவர்கள் முதலில் கணப்பின் மேல் வைத்துப் பார்த்தார்கள், பிறகு மின் அடுப்பின் அவணில் ஆகக் குறைந்த சூட்டில் கதவைச் சற்றுத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். இப்போது தட்டுகள் அடுக்கிய சின்ன உலர்த்திப் பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. இரவில் போட்டால் மறுநாள் கையில் முறிகிறது. சிலர் அயலவரிடம் பழகி, வெளி அடுப்பில் மேப்பிள் மரச் சீவலைக் கனிய விட்டு மிளகாய்க்குப் புகையும் ஊட்டுகிறார்கள். எங்கள் வெயில் எங்களுக்குக் கற்றுத் தராத வித்தையை அந்தக் குளிர் கற்றுத் தருகிறது.

இனி வறுப்புக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணக் கறியின் நிறமும் மணமும் அந்த வறுத்த தூளில் இருக்கிறது. மல்லி, செத்தல், மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. அளவு வீட்டுக்கு வீடு மாறும், ஒவ்வொரு வீடும் தன் அளவே சரி என்று சாதிக்கும். ஆனால் எல்லா வீட்டிலும் பொதுவான விதி ஒன்று இருந்தது. எதையும் சேர்த்து வறுக்கக் கூடாது. மல்லி பொன்னிறத்துக்கு வர எடுக்கும் நேரத்தில் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். மிளகாய்க்கு இன்னும் மெல்லிய நெருப்பு வேண்டும். விறகை வெளியே இழுத்து, தணலின் மேல் தாச்சியை வைத்து, காம்பு நீக்கிய செத்தலைப் போட்டுக் கை ஓயாமல் பிரட்டுவார்கள். முதலில் பழத்தின் இனிப்பு மணம் வரும். பழுத்த மிளகாயில் சர்க்கரை உண்டு, அது புரதக் கூறுகளோடு சேர்ந்து சூட்டில் பழுப்பாகும் மணம் அது. பிறகு சிவப்பு இறுகிக் கடுஞ்சிவப்பாகும், அதன் பின் கறுப்புக்குப் போகும் ஓரத்தில் நிற்கும். அந்த ஓரத்தில் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் தூள் பச்சை மணக்கும், ஒரு நிமிடம் பிந்தினால் கறி முழுதும் கைக்கும். இறக்கிய பிறகும் தாச்சிச் சூட்டில் மிளகாய் வறுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், உடனே சுளகில் கொட்டிப் பரப்ப வேண்டும்.

அந்தக் கட்டத்தில் வீட்டில் ஒருவரும் நிற்க முடியாது. தொட்டிலில் பிள்ளை இருந்தால் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆவியோடு கிளம்பும் கப்சைசின், தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தொட்டுவிடுகிறது. மூளைக்கு அது நெருப்பாகவே தெரிகிறது, உடம்பு இருமி வெளியே தள்ளப் பார்க்கிறது. அந்த நரம்பு முனைகளில் இருக்கும் ஏற்பியைக் கப்சைசினை வைத்தே 1997இல் அடையாளம் கண்டவர் டேவிட் ஜூலியஸ், அதற்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெடி அடங்கச் சிறிது கல்லுப்பைச் சேர்த்து வறுப்பது எங்கள் வீடுகளின் வழக்கம்.

வெளிநாட்டில் இந்த நெடி என்ன செய்யும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று உண்டு. 2007 ஒக்ரோபரில் சோகோ பகுதியில் திடீரென்று மக்கள் இருமத் தொடங்கினார்கள். நச்சுவாயுத் தாக்குதலோ என்று வீதிகளை மூடி, ஆட்களை வெளியேற்றி, மூச்சுக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர்கள் ஒரு கதவை உடைத்து உள்ளே போனார்கள். அங்கே ஒரு தாய்லாந்து உணவகத்தின் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் காய்ந்த மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. துவையலுக்கு வறுத்திருக்கிறார்கள். தாய்லாந்துக்காரர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அன்றாடமாக இருந்த ஒரு மணம், அந்த நகரத்துக்கு அபாயச் சங்கை ஊத வைத்தது. அடுக்குமாடியில் குடியிருந்து, புகை எச்சரிக்கை மணி அலறும் பயத்தில் தூள் வறுப்பதையே கைவிட்ட எத்தனையோ பெண்களை நான் அறிவேன். அவர்கள் கைவிட்டதற்கு அயலும் சட்டமும் காரணம், விருப்பமின்மை காரணமல்ல.

யாழ்ப்பாணத்திலேயே கை மாறியது அதற்கு முன்பே. உரலில் இடித்து அரிதட்டில் அரித்த காலம் போய், வறுத்த சரக்கைச் சந்தி மில்லுக்குக் கொண்டுபோன காலம் வந்தது. உலக்கை போட்டவர்களின் தோளுக்கு அது விடுதலை. வறுப்பு வீட்டிலேயே நின்றது, அதனால் மணம் வீட்டின் கையில்தான் இருந்தது. பிறகு மில்காரரே வறுத்துத் தரத் தொடங்கினார். அதன் பின் பை வந்தது. பெரிய உருளைக்குள் சரக்கை ஒன்றாகக் கொட்டி, சுழற்றி, ஒரே சூட்டில் வறுக்கும் இயந்திரங்கள் வந்தன. சில ஆலைகள் தனித்தனியாகவே வறுக்கின்றன, அவற்றின் தூள் பை திறந்ததுமே தெரிந்துவிடும். மற்றவற்றில் நிறம் சரியாக இருக்கும், உறைப்பு சரியாக இருக்கும், ஆனால் வெந்தயம் கருகிய கைப்பு அடியில் நிற்கும். கருகுமோ என்ற பயத்தில் மிளகாயை அரை வறுவலில் இறக்கிவிட்டு, நிறத்துக்கு வேறெதையாவது தேடுகிற இடமும் உண்டு. 2003இலும் 2005இலும் ஐரோப்பாவில் மிளகாய்த் தூளில் சூடான் சிவப்பு என்ற தொழிற்சாலைச் சாயம் பிடிபட்டபோது, கடைத் தட்டுகளிலிருந்து நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிற சந்தை இருக்கும்வரை அந்த ஆபத்து இருக்கும்.

உலர்த்துவதை ஏன் இயந்திரத்திடம் கொடுக்கலாம், வறுப்பதை ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டால் என் பதில் இதுதான். காய்வதற்கு முடிவு ஒன்றே, நீர் போக வேண்டும். அதை எண்ணால் அளக்கலாம். வறுபடுவதற்கு முடிவு ஒவ்வொரு சாக்குச் செத்தலுக்கும் வேறு. தோலின் தடிப்பு, பழத்தில் நின்ற இனிப்பு, எத்தனை மாதம் கிடந்தது, அன்றைய ஈரக்காற்று எல்லாம் அதை மாற்றும். அதைப் படிக்கிற கருவி வறுக்கிறவரின் மூக்கு. பழகிய மூக்கு இல்லாமல் போனால் நாளைக்கு இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்காது.

அந்த மூக்கு இப்போது தொலைபேசி வழியாகப் பாடம் நடத்துகிறது. வீட்டுக் கராஜில் மின் அடுப்பை வைத்து, கதவைப் பாதி உயர்த்தி, தாச்சியைக் கைபேசியின் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக் கேட்கிறாள் ஒரு மகள்:

"அம்மா, இந்த நிறம் காணுமோ? இன்னும் வறுக்கவோ?"

"நிறத்தைப் பாத்து வறுக்காதை பிள்ளை. இஞ்ச எனக்கு நிறம் ஒழுங்காத் தெரியேல்லை. என்ன மணக்குது, சொல்லு."

"பழம் சுட்ட மாதிரி ஒரு மணம்."

"அப்ப இன்னும் கொஞ்சம். அந்த இனிப்பு மணம் மாறேக்கை இறக்கிப் போடு. கருக விட்டிடாதை."

மணத்தைச் சொல்லாக்கித் தாயிடம் அனுப்பும் இந்த மகள்மார் ஒரு புதிய காரியம் செய்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய தலைமுறைக்கு அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை, அதனால் எழுதவும் இல்லை. இவர்கள் எழுதுகிறார்கள். இத்தனை கிராம், இத்தனை பாகை, இந்த மணம் வரும்போது இது என்று குறிப்பு வைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்த குறிப்புகளில் ஒன்றோடொன்று பொருந்தாதவை நிறைய. பொருந்தாமல் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கறி.

ஊரில் 2022 ஒரு திருப்பத்தைக் காட்டியது. முந்திய வருடம் இரசாயன உரத்துக்குப் போட்ட தடை விளைச்சலை அடித்திருந்தது. பங்குனியில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் வைகாசிக்குள் 360ஐத் தொட்டது. இந்தியச் செத்தலின் விலை ஏறியது, சமையல் எரிவாயு இல்லை, மின்சாரம் நாளுக்குப் பல மணிநேரம் இல்லை. பல வீடுகளில் விறகடுப்பு மறுபடி எரிந்தது, சாடியிலும் வேலியோரத்திலும் மிளகாய்க் கன்று நட்டார்கள், பழுத்ததைத் தகரக் கூரையில் போட்டுக் காய வைத்தார்கள். நெருக்கடியில் நடந்ததை நான் கொண்டாடவில்லை. அந்த வருடம் பசித்திருந்தவர்கள் அதிகம். ஆனால் செத்தல் போடத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இன்னும் ஒருவராவது இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்று குடாநாட்டுத் தோட்டங்களில் ஒவ்வொரு போகத்திலும் ஒரு கட்டம் வருகிறது. எல்லாருடைய பச்சை மிளகாயும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து, ஆய்கிற கூலிக்கே விலை கட்டாமல் போகும் கட்டம். அப்போது பழம் செடியிலேயே சிவந்து சுருங்கிக் கிடக்கும். அந்தச் சிவந்த பழம்தான் செத்தலுக்குத் தோதானது. ஒரு ஊருக்கு ஒரு பொது உலர்த்தி இருந்து, தோட்டக்காரர் தன் பழத்தைக் கொண்டுவந்து போட்டு வாடகை கொடுக்கும் ஏற்பாடு வந்தால், செடியில் வீணாகும் நாலு கிலோ ஒரு கிலோவாகிக் கிடங்கில் நிற்கும், விலை வரும்வரை காத்திருக்கும். சாதாரணச் செத்தலாக அதை விற்றால் குண்டூரோடு மோத வேண்டும். அதையே அந்த ஊர்ப் பெண்களிடம் தனித்தனியாக வறுக்கக் கொடுத்து, யாழ்ப்பாணத்தில் விளைந்து யாழ்ப்பாணத்தில் வறுத்த தூள் என்று ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினால் மோத ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு எங்கள் ஊர்களில் நீண்ட பழக்கம் இருக்கிறது. உலர்த்திக்குப் பணம் போடக்கூடியவர்கள் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். வறுக்கத் தெரிந்தவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆகவே இதை அடுத்த பங்குனிக்கு முன் தொடங்க வேண்டும், அவர்களுக்குக் கூலியும், பக்கத்தில் நின்று பழகுகிற இளம் பெண்களுக்கு அதே கூலியும் கொடுத்து.